மூணு மணி நிழலுக்கு ஒரு சுவர்

பிள்ளைகளா, உங்க அய்யா என்ன வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், "கோடு போடுறாரு" என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். தப்பில்லை. கோடு போடுகிறவன்தான். ஆனால் ஒரே ஒரு தடவை கணக்கும் போட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்துக்கு எவ்வளவு கனத்தில் சுவர் வேண்டும் என்கிற கணக்கு. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு வெள்ளைப் பிற்பகல்தான் கண்ணில் வருகிறது. வெயில் எது, மணல் எது, கடல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வெள்ளை.

அப்போது நான் இராமநாதபுரத்தில் ஒரு கட்டட ஆபீஸில் டிரேசர். எஞ்சினியர் பென்சிலில் போட்ட பிளான் மேல் டிரேசிங் துணியை விரித்து, கீழே தெரிகிற கோட்டின் மேலேயே மையில் கோடு இழுக்க வேண்டும். இளநீலமாக, கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும் அந்தத் துணி. வியர்வை ஒரு சொட்டு விழுந்தால் போச்சு, அந்த இடம் வெளுத்துவிடும். மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நாளெல்லாம் குனிந்திருப்பேன். சில நேரம் துணிக்கு அடியில் வீடு, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் மிதக்கும். நான் மேலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. நெஞ்சு நோய்க்காரர்களுக்குக் கடல்காற்று நல்லது என்று யாரோ ஒரு தருமவான் கட்டிக் கொடுத்தது. நெஞ்சைப் படம் எடுக்க வேண்டுமென்றால் நோயாளியை மதுரைக்கு ரயிலேற்ற வேண்டும். இருமிக்கொண்டே போய், இருமிக்கொண்டே வருவார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கே ஒரு எக்ஸ்ரே மெஷின் வருகிறது என்று ஆனது. மெஷினுக்கு ஒரு அறை கட்ட வேண்டும். பிளான் எங்கள் ஆபீஸுக்கு வந்தது.

எக்ஸ்ரே வெளிச்சம் உடம்பைத் தாண்டிப் போகும். தாண்டிப்போய் அங்கேயே நிற்காது, சுவரையும் தாண்டப் பார்க்கும். ஒருதரம் இரண்டுதரம் உடம்பில் பட்டால் ஒன்றும் இல்லை. நாள்தோறும் பட்டுக்கொண்டே இருந்தால் கெடுதல். வயிற்றுப் பிள்ளைக்கு இன்னும் கெடுதல். அதனால் அந்த அறைக்குச் சுவர் என்றால் சும்மா மறைப்பு இல்லை, கணக்குப் போட்டு எழுப்ப வேண்டிய சுவர். மதராஸில் இருந்த பெரிய எஞ்சினியர் அதற்கென்று ஒரு தாள் அனுப்பினார். நாலு பக்கச் சுவருக்கும் அப்புறத்தில் என்ன இருக்கிறது, மெஷின் ஓடும்போது அங்கே ஆள் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்று போய்ப் பார்த்து நிரப்பி அனுப்பச் சொன்னார். எப்போதும் ஆள் இருக்கிற இடம் என்றால் ஒன்று. வந்து போகிற இடம் என்றால் கால். எப்போதாவது ஒருத்தர் நடந்து போகிற வெறுந்தரை என்றால் பதினாறில் ஒன்று.

அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினாறில் ஒன்று என்றால் வீசம்! சின்ன வயசில் கத்திக் கத்தி மனப்பாடம் பண்ணிய வாய்ப்பாடு. அரை, கால், அரைக்கால், வீசம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் பாதி பாதியாகிக்கொண்டே போகும். எஞ்சினியர் தாளில் இருந்ததும் அதே இறக்கம்தான். வெளிச்சம் ஒரு அங்குலச் செங்கல்லைத் தாண்டினால் அரை. ரெண்டு அங்குலம் தாண்டினால் கால். மூணு அங்குலத்துக்கு அரைக்கால், நாலு அங்குலத்துக்கு வீசம். தூரமும் அப்படியே. ரெண்டு மடங்கு தள்ளி நின்றால் கால், நாலு மடங்கு தள்ளி நின்றால் வீசம். எட்டாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு, மதராஸ் எஞ்சினியரின் இங்கிலீஷ் தாளுக்கு அடியில் அந்தப் பழைய வாய்ப்பாடு தெரிந்தது. டிரேசிங் துணிக்கு அடியில் பென்சில் கோடு தெரியுமே, அப்படி.

காலை ரயிலில் போய் இறங்கினேன். ஒன்பது மணி இருக்கும். ஆஸ்பத்திரி நீளமாக, தெற்கு வடக்காகக் கிடந்தது. வடக்கு முனையில் அறை வரப்போகிறது. அதற்குத் தெற்கே ஆண்கள் வார்டு. அங்கே எப்போதும் ஆள் உண்டு, ஒன்று. மேற்கே நடை, கால். வடக்கே கள்ளி வேலி, வீசம். கிழக்கே ஒன்றுமே இல்லை. ஒரு மரம் கிடையாது, ஒரு கல் கிடையாது, கடல் வரைக்கும் வெறும் மணல். வெயில் அங்கே நின்றுகொண்டு கண்ணைக் குத்தியது. காக்கா கூட நடக்கவில்லை. 'காலி இடம், வீசம்' என்று எழுதினேன். மத்தியான ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்துவிட்டேன்.

நோயாளி நெஞ்சைச் சாய்த்து நிற்கிற பலகை அந்தக் கிழக்குச் சுவரில்தான் வந்தது. அதாவது வெளிச்சம் நேராகப் போய் மோதுகிற சுவர் அது. ஆனாலும் அப்புறத்தில் வீசம்தானே என்று எஞ்சினியர் வெளிச்சம் ஒன்பது தடவை பாதியானால் போதும் என்று கணக்குப் போட்டார். ஒன்பது பாதிக்கு ஒன்பது அங்குலம். ஒரு செங்கல் நீளச் சுவர். கட்டியும் முடித்தார்கள்.

அஞ்சாறு மாசம் கழித்து, கட்டினது பிளான்படி இருக்கிறதா என்று அளந்துவர மறுபடி போனேன். அன்றைக்கு ரயில் ரொம்பத் தாமதம். போய்ச் சேரும்போது மணி மூணு. மெஷின் வந்து பொருத்தியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை முதல் படம் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி ஆயில் எஞ்சின் ரெண்டு மணியிலிருந்து அஞ்சு மணி வரைதான் ஓடும். மெஷினும் அந்த நேரத்தில்தான் ஓடும்.

டேப்பை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் திரும்பினேன். திரும்பினவன் அப்படியே நின்றுவிட்டேன்.

போன தடவை காலையில் நான் பார்த்த வெறும் மணலில் இப்போது ஒரு அறை இருந்தது. கருநீலத்தில், சுவரிலிருந்து ஏழெட்டு அடிக்கு, ஓரம் வெட்டினாற்போல் ஒரு நிழல். அதற்கு வெளியே எல்லாம் வெள்ளை. உள்ளே ஏழெட்டுப் பெண்கள். வார்டில் கிடக்கிறவர்களின் வீட்டு ஆட்கள். ஒருத்தி படுத்திருந்தாள், ஒருத்தி தலை பின்னிக்கொண்டிருந்தாள். சுவரில் ஆணி அடித்து அதில் ஒரு வலையின் நுனியை மாட்டி, சுவரிலேயே முதுகைச் சாய்த்து ஒரு பெண் முடிச்சுப் போட்டுப் போட்டுக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஏழு மாச வயிறு. பெரியவள் அப்போது உங்கள் அம்மா வயிற்றில் இருந்தாள். அந்த வயிற்றோடு உட்காருகிறவர்கள் முதுகை எப்படிச் சாய்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் சாய்ந்திருந்த இடத்துக்கு நேர் உள்பக்கம்தான் அந்தப் பலகை.

"என்னண்ணே, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீக? வாங்க, இங்கன நெழலுக்கு வாங்க" என்றாள்.

"தினமும் இங்கனதான் உக்காருவியா தங்கச்சி?"

"வேற எங்கன உக்கார? வார்டு ஜன்னலோரம் உக்காந்தா வெரட்டுவாக. மத்தியானத்துக்கு மேல இந்த ஊர்ல நெழலுன்னா இது ஒண்ணுதான். வெயிலு சாயுறப்ப வருவோம், அஞ்சரைக்குப் போவோம்."

மெஷின் ஓடுகிற நேரம் முழுக்க. ஒன்று. நான் எழுதியது வீசம். எந்தப் பிளானிலும் நிழலை வரைவதில்லை பிள்ளைகளா. சுவர் உண்டு, கதவு உண்டு, கிணறு உண்டு. இந்தக் கரையில் மூணு மணிக்கு நிழல்தான் வீடு என்பதை இங்கேயே பிறந்து வளர்ந்த நான் மறந்துபோனேன்.

அந்த ஆஸ்பத்திரியை நடத்திவந்த டாக்டரம்மாவிடம் நேராகப் போய்ச் சொன்னேன்.

"அந்தத் தாளை எழுதினப்ப மணி என்ன?" என்று கேட்டார்.

"ஒன்பது இருக்கும்மா."

"காலைல ஒன்பது மணிக்குக் கிழக்குப் பக்கம் யாருங்க உட்காருவா, கருவாடா காயப்போட்டிருக்கோம்?" என்றார். அப்புறம் சிரிக்கவில்லை. யோசித்தார்.

அன்றைக்கே ஒரு சோதனை செய்தார். பெண்களை எல்லாம் பால் கொடுப்பதாக முன்பக்கம் கூப்பிட்டுவிட்டு, வலை மாட்டின ஆணியில் எக்ஸ்ரே பிலிம் வைத்த தட்டைப் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டார். பெட்டிமேல் தன் சாவியை ஒட்டவைத்தார். சுவரைத் தாண்டி வெளிச்சம் வந்தால் சாவியின் உருவம் பிலிமில் விழும். உள்ளே போய் முப்பது தடவை மெஷினை ஓட்டினார். பிறகு இருட்டறைக்கு என்னையும் கூப்பிட்டார். சிவப்பு விளக்கில் அவர் கை மட்டும் தெரிந்தது. மருந்துத் தண்ணீரில் பிலிம் மெல்ல மெல்ல அசைந்தது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஏதோ மங்கலாக, ஆழத்திலிருந்து மேலே வருகிற மீன்போல, வந்தது. சாவி. அதன் வளையமும் பல்லும்.

"லேசாத்தான் தெரியுது" என்றேன்.

"லேசுதான். ஒரு நாளைக்கு லேசு. அந்தப் புள்ள இன்னும் ரெண்டு மாசம் அங்கன உட்காரும்" என்றார்.

எஞ்சினியருக்கு எழுதிப் பதில் வர பத்து நாளாகும். வார்டில் முப்பது பேர் படத்துக்குக் காத்திருக்கிறார்கள். "நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"நான் கோடு போடுறவன்மா. கணக்கு எஞ்சினியரோடது."

"தப்பை நீங்கதானே போட்டீங்க? சரியையும் நீங்களே போடுங்க."

முதலில் எனக்குத் தோன்றியது தூரம். மெஷின் குழாயிலிருந்து அவள் முதுகு எட்டடி. நாலு மடங்கு தள்ளினால் முப்பத்திரண்டு அடி. அங்கே தானாகவே வீசம்தான். செங்கல்லே வேண்டாம், ஒரு ஓலைக் கொட்டகை போட்டால் தீர்ந்தது. ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். மணலில் பத்து எட்டு வைத்துப்போய் நின்று காட்டினேன்.

"அங்கனயா?" என்றாள். வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்கனயிருந்தா அவுக இருமுறது எனக்குக் கேக்குமா?"

அவள் வீட்டுக்காரர் அந்த ஆண்கள் வார்டில் இருந்தார். பாம்பன் பக்கத்துக் கடல்காரர். அந்த வார்டுக்குள் பெண்களை விடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் ஜன்னல் வழியே அவர் இருமல்தான் அவளுக்கு வரும்.

"எனக்குன்னு ஒரு கணக்கு இருக்குண்ணே. ஒரு இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் நடுவுல எத்தன முடிச்சுப் போடுறேன்னு எண்ணிக்கிருவேன். வந்த புதுசுல பத்து முடிச்சு ஓடாது. நேத்து நாப்பது ஓடுச்சு, மாதா புண்ணியத்துல. அங்கன போயி உக்காந்து நான் என்னத்த எண்ண? அலையவா?"

பக்கத்தில் இருந்தவள், "கொட்டகை போட்டுக் குடுங்கண்ணே, நாங்க போறோம். இவ இந்தச் சொவத்தை விட்டு எந்திரிக்க மாட்டா. சொவத்தையே கட்டிக்கிட்டவ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடுவில் உள்ளேயிருந்து ஒரு இருமல் வந்தது. அவள் உதடு உடனே அசைய ஆரம்பித்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு.

அவளை நகர்த்த முடியாது என்று எனக்குத் தெரிந்துபோனது. சுவரைத்தான் நகர்த்த வேண்டும்.

மறுநாள் காலை ஈர மணலில் குச்சியால் கணக்குப் போட்டேன். ஒன்பது பாதி, வீசத்துக்கு. வீசத்தை ஒன்று ஆக்க வேண்டுமென்றால் வாய்ப்பாட்டில் நாலு படி ஏற வேண்டும். நாலு படிக்கு நாலு பாதி, நாலு பாதிக்கு நாலு அங்குலம். பதிமூணு. செங்கல்லை அகலவாக்கில் வைத்தால் நாலரை. ஒன்பதோடு நாலரை சேர்த்தால் பதிமூணரை. ஒரு அலை வந்து அழித்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் பதிமூணு. அலைக்கும் எனக்கும் ஏதோ போட்டி மாதிரி அதை நாலைந்து தடவை போட்டேன். எண் மாறவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை போட்டேன். கோடு தப்பினால் துணியைச் சுரண்டிவிட்டு மறுபடி போடலாம். இது அப்படியில்லை.

கிணற்றடியில் துவைக்கிற மேடைக்கென்று அடுக்கிவைத்த செங்கல் இருந்தது. டாக்டரம்மா அதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மண்டபத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். என்னைவிட வயசில் மூத்தவர், வாய் ஓயாதவர். பழைய சுவரின் சந்தும் புதுச் சுவரின் சந்தும் நேருக்கு நேர் வரக்கூடாது, சந்தில் சாந்து உள்வரைக்கும் நிறைய வேண்டும், வெளியே பூசி மூடினால் போதாது என்று சொல்லிக்கொண்டே நான் பக்கத்திலேயே நின்றேன்.

"எறும்பு போகாத சந்து தம்பி இது. இதுக்குள்ள என்ன போகப்போவுது?"

"வெளிச்சம் போகும் அண்ணாச்சி."

"போகட்டுமே. ஆஸ்பத்திரி இருட்டாத்தான கெடக்கு?"

நான் ஒரு குச்சியை விட்டுக் குத்திப் பார்த்துக் குத்திப் பார்த்து, சாந்து நிறையாமல் பொள்ளலாக இருந்த கல்லையெல்லாம் எடுக்கச் சொன்னேன். "கோட்டை கட்டுன சேதுபதி கூட இப்பிடிக் குத்திப் பார்த்திருக்க மாட்டாரு" என்று முனகிக்கொண்டே எடுத்தார்.

திங்கட்கிழமை மெஷின் ஓடவில்லை. வேலை நடந்ததால் பெண்கள் முன்வாசல் படிக்கட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் எழுந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"இன்னைக்கு அவுகளுக்குப் படம் எடுக்கிறதா இருந்துச்சு. நீங்கதான் சொவரு சரியில்லைன்னு நிறுத்துனீகளாம்ல?"

"ஆமா தங்கச்சி. நாலு நாளு."

"நாலு நாளு! படம் எடுத்து நல்லாருக்குன்னா வீட்டுக்கு அனுப்புவாக. பேறுகாலத்துக்குள்ள அவுக வீட்டுல இருக்கணும்னு நான் ஒத்த நேரம் சாப்பிட்டு வேண்டிக்கிட்டிருக்கேன். ஒங்களுக்கு என்ன, அளக்குறீக, போறீக."

உனக்காகத்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால், உட்கார்ந்திருந்த அத்தனை நாளையும் நினைத்துப் பயந்துவிடுவாள். அந்த நாட்களில் மெஷினே ஓடவில்லை என்று விளக்க வேண்டும். விளக்கினாலும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "சுவர் ஈரம் காயணும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவளிடம் வாங்கிய திட்டு எனக்கு ஏனோ இதமாக இருந்தது.

வியாழக்கிழமை மறுபடி பெட்டியைத் தொங்கவிட்டார் டாக்டரம்மா. மறுபடி சாவி. மறுபடி முப்பது தடவை. இருட்டறையில் பிலிம் தண்ணீருக்குள் அசைந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாவி இப்போது வரும், இப்போது வரும் என்று கண் தானாகவே வளையம் வளையமாக வரைந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. டாக்டரம்மா பிலிமை எடுத்து, அலசி, வெளியே ஜன்னலுக்கு நேரே பிடித்தார். அதன் வழியே ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"உங்க கணக்கு" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். ஈரம் சொட்டியது. அன்றைக்குச் சாயங்காலமே படம் எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரரைத்தான் டாக்டரம்மா முதலில் பலகை முன்னால் நிற்கவைத்தார். ஒரு பக்கம் ஆறிவிட்டது, மறுபக்கத்துக்கு இன்னும் சில மாசம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். பேறுகாலத்துக்கு அவர் வீட்டில் இருக்க முடியவில்லை.

நடந்ததையெல்லாம் எஞ்சினியருக்கு எழுதிப் போட்டிருந்தேன். மதராஸிலிருந்து பதில் வந்தபோது ஆபீஸில் எல்லார் முன்னாலும் பிரித்தேன். வேலை போகும் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். ரெண்டே வரி. கணக்கு சரி என்று ஒன்று. இனிமேல் மெஷின் ஓடும் நேரத்தில் போய்ப் பார்க்கவும் என்று ஒன்று.

புதுச் சுவரைப் பிளானில் சேர்க்க, ரெண்டு மூணு மாசம் கழித்துத் திரும்பப் போனேன். இந்தத் தடவை ரயில் தாமதமில்லை. நானே மத்தியான ரயிலில் போனேன். அதே வெள்ளை. அதே கருநீல அறை. புதுச் சுவரிலும் யாரோ ஆணி அடித்திருந்தார்கள். அவள் சாய்ந்து உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பொட்டைப்பிள்ளை, ஒரு மாசம் இருக்கும், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு முனகல், ஒரு டக்.

நான் வெயிலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்து சந்தாக.

"சொவத்துக்குக் கண்ணு வச்சுராதீக" என்றாள். கோபமெல்லாம் போயிருந்தது. "நூத்திருவது முடிச்சு ஓடுதுண்ணே இப்ப. ஏன் வெயில்லயே நிக்கிறீக? இங்கன வந்து உக்காருங்க." காலை மடக்கி எனக்கு இடம் விட்டாள்.

அந்தச் சுவருக்குப் பின்னால் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. போய் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் எல்லாரையும்போல முதுகைச் சாய்த்தேன். செங்கல் குளிர்ச்சியாக இருந்தது. உள்ளே மறுபடி ஒரு முனகல், ஒரு டக். பிள்ளை ஒரு தடவை உதட்டைச் சப்பிவிட்டுத் தூங்கியது. நான் மூச்சுவிட்டேன். நிழல் கொஞ்சம் கொஞ்சமாக மணலில் நீண்டு போய்க்கொண்டிருந்தது. எங்கள் கால்களும் அதோடு சேர்ந்து நீண்டுகொண்டிருந்தன.